பிபிஆர் ரெண்டரிங் கத்துக்கப் போறீங்களா? காசும் நேரமும் எங்க கரையும்னு முதல்ல பார்த்துடுங்க

3டில மாடலிங் ஓரளவு கைவந்துடுச்சு, ஆனா ரெண்டர் போட்டா (அந்த மாடலைப் படமா எடுத்தா) மட்டும் எல்லாம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வருதுன்னு தலையைப் பிச்சுக்கறவங்களுக்குத்தான் இதை எழுதறேன். யூட்யூப்ல டுடோரியலுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா முக்கால்வாசிப் பேர் இதை 0.3 வைங்க அதை 0.7 வைங்கன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க, ஏன் 0.3னு கேட்டா பதில் கிடையாது. காசு கட்டி ஒரு பயிற்சி நிலையத்துல சேர்ந்தும் பார்த்தேன், அங்கயும் பட்டன் பேரைத்தான் ஒப்பிச்சாங்க. துண்டு துண்டா பொறுக்கி ஒட்ட வச்சுப் புரிஞ்சுக்கறதுக்குள்ள எனக்கு ரொம்ப இழுத்துடுச்சு, உங்களுக்கு அவ்ளோ இழுக்க வேணாம்.

எல்லாத்தையும் ஒரே சீனை (காட்சியை) வச்சே சொல்றேன். ஒரு மர மேஜை, மேல எவர்சில்வர் டபரா டம்ளர், உள்ள காபி. உலோகம், மரம், திரவம் மூணும் அதுலயே வந்துடுது, இதை ஒழுங்கா பண்ணத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

பிபிஆர்னா, அதாவது ஃபிசிக்கலி பேஸ்டு ரெண்டரிங்னா என்னன்னு முதல்ல நாலு வரி. ஒளி நிஜத்துல எப்படி நடந்துக்குதோ அந்த விதிக்குள்ளயே மெட்டீரியலையும் லைட்டையும் நிக்க வைக்கிறதுதான் விஷயம். எந்தப் பொருளும் தன் மேல விழுந்த வெளிச்சத்தை விட அதிகமா திருப்பி அனுப்பாது. மேலேருந்து பார்த்தா மங்கலா இருக்கிற பாலிஷ் மேஜை, ஓரமா தாழ்வா குனிஞ்சு பார்த்தா எதிர் ஜன்னலையே காட்டும். உலோகமும் உலோகம் இல்லாததும் வெளிச்சத்தை வேற வேற மாதிரி கையாளும். இந்த மூணையும் படத்தை உருவாக்கற சாஃப்ட்வேர், அதாவது ரெண்டர் எஞ்சினே கணக்குப் போட்டுக்கும், நீங்க கொடுக்கற நம்பர் பொய்யா இல்லாம இருந்தா போதும். படம் போலியா தெரியுதுன்னா பெரும்பாலும் எஞ்சின் மேல தப்பு இருக்காது, உள்ள போன லைட்டோ, டெக்ஸ்ச்சரோ (பொருள் மேல ஒட்டற படம்), சைஸோ பொய் சொல்லியிருக்கும். கீழ வர்ற ஸ்டெப் எல்லாமே அந்தப் பொய்யைப் பிடிக்கிறதுக்குத்தான்.

1. எஞ்சின் ஒண்ணே ஒண்ணு எடுங்க, அதுவும் ஓசில கிடைக்கிறதை

ஆர்னால்டா, வி-ரேயா, ரெட்ஷிஃப்டா, ஆக்டேனா, சைக்கிள்ஸான்னு ஒப்பிட்டு ஒப்பிட்டே மாசக்கணக்குல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அது வேலைக்கு ஆகாது. 2012ல டிஸ்னி வெளியிட்ட மெட்டீரியல் மாடல்தான் இன்னிக்கு முக்கால்வாசி எஞ்சினுக்கு அடிப்படை, பேஸ் கலர், மெட்டாலிக், ரஃப்னெஸ்னு அதே ஸ்லைடர்கள்தான் பேர் கொஞ்சம் மாறி எல்லாத்துலயும் இருக்கும். ஒண்ணைப் புரிஞ்சு கத்துக்கிட்டா இன்னொண்ணுக்கு மாற அதிக நாள் ஆகாது.

என் சிபாரிசு பிளெண்டர், அதுக்குள்ள இருக்கிற சைக்கிள்ஸ். செலவு பூஜ்யம், கிளையன்ட் வேலைக்கும் பயன்படுத்தலாம், அதுல எடுத்த படம் முழுசா உங்களோடது. இறக்கும்போது எல்டிஎஸ் (லாங் டெர்ம் சப்போர்ட்)னு போட்டிருக்கிற வெர்ஷனை எடுங்க, 2 வருஷம் பக் ஃபிக்ஸ் வரும், நடு ப்ராஜெக்ட்ல மெனு இடம் மாறி திண்டாட வேண்டியிருக்காது. அதே பிளெண்டர்ல ஈவின்னு இன்னொரு எஞ்சின் இருக்கு, ரொம்ப வேகம், ஆனா அது கேம் எஞ்சின் மாதிரி குறுக்கு வழில கணக்குப் போடறது. கத்துக்கிற காலத்துல சைக்கிள்ஸ்லயே இருங்க, ஏன்னா அதுல படம் தப்பா வந்தா தப்பு பெரும்பாலும் உங்க சீன்லதான் இருக்கும். ஈவில குறை எஞ்சினோடதா உங்களோடதான்னு புதுசா வர்றவங்களால பிரிச்சுப் பார்க்க முடியாது.

மாயாவும் ஆர்னால்டும்தான் வேணும்னு அடம் பிடிச்சா, ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமா கொடுக்குது, ஒரு வருஷத்துக்கு, தகுதி இருந்தா திரும்பப் புதுப்பிச்சுக்கலாம். அதுக்கு டாக்குமென்ட் கேப்பாங்க: உங்க முழுப் பேர், காலேஜ் பேர், இந்தக் கல்வியாண்டுல படிக்கிறீங்கன்னு காட்டற தேதி, இந்த மூணும் ஒரே பேப்பர்ல இருக்கணும். நம்ம ஊர் ஐடி கார்டு பலதுல தேதியே இருக்காது, இல்ல இனிஷியல் மட்டும் போட்டிருக்கும், அக்கவுண்ட்ல ஒரு பேர் கார்டுல ஒரு பேர்னு இருந்தா ரிஜெக்ட் ஆகும். ஆஃபீஸ்ல ஒரு போனஃபைடு சர்டிஃபிகேட் வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க. முக்கியமா, அந்த லைசென்ஸ்ல காசு வாங்கற வேலை பண்ணக் கூடாது. பிக்ஸாரோட ரெண்டர்மேனும் இப்படித்தான், கத்துக்க ஃப்ரீ, வியாபாரத்துக்கு இல்ல.

கிராக் வெர்ஷன் பத்தி ஒரே வரி: போடாதீங்க. கம்ப்யூட்டர்ல வைரஸ் வர்றது ஒரு பக்கம், நாளைக்கு ஒரு ஸ்டுடியோ உங்க ஃபைலைக் கேட்டா என்ன பண்ணுவீங்க.

2. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பறதுக்கு முன்னாடி

ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு இல்லாட்டியும் சைக்கிள்ஸ் ஓடும். சிபியுல அதே படம்தான் வரும், நேரம் மட்டும் கூடும். முதல் ரெண்டு மூணு மாசம் ஒரு டம்ளர், ஒரு பழம், ஒரு செருப்புன்னு சின்னதா பண்றதுக்கு இருக்கிற லேப்டாப்பே போதும், ரேம் மட்டும் குறைஞ்சது 8 ஜிபி இருக்கட்டும், 16 இருந்தா நிம்மதி.

ஜிபியு ஏற்கனவே இருந்தா ரெண்டு இடத்துல ஆன் பண்ணணும், இதுல ஒண்ணை மட்டும் பண்ணிட்டு கார்டு வேலையே செய்யலன்னு புலம்பறவங்க நிறைய. எடிட் மெனுல ப்ரிஃபரன்சஸ் திறந்து சிஸ்டம் பக்கத்துல உங்க கார்டை டிக் பண்ணணும். என்விடியா ஆர்டிஎக்ஸ்னா ஆப்டிக்ஸ், ஏஎம்டின்னா எச்ஐபி, ஆப்பிள்னா மெட்டல், இன்டெல் ஆர்க்னா ஒன்ஏபிஐ. அப்புறம் ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல டிவைஸ்ங்கிற இடத்துல ஜிபியு கம்ப்யூட்னு மாத்தணும். முதல் தடவை கெர்னல் லோட் ஆகுதுன்னு சொல்லிட்டுச் சில நிமிஷம் அசையாம நிக்கலாம், ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு மூடிடாதீங்க.

வாங்கத்தான் போறீங்கன்னா வேகத்தை விட விராம் (கார்டோட சொந்த மெமரி) அளவைப் பாருங்க. சீன் முழுக்க கார்டு மெமரிக்குள்ள உட்காரணும், உட்காரலன்னா மெமரி பத்தலன்னு நின்னுடும், இல்லாட்டி கம்ப்யூட்டர் ரேமைக் கடன் வாங்கி ஊர்ந்து போகும். கணக்கு எளிசு: 4கே டெக்ஸ்ச்சர் ஒண்ணு 4096 பெருக்கல் 4096, ஒரு பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 64 எம்பி. டிஸ்க்ல அது 5 எம்பி ஜேபெக்கா இருக்கலாம், கார்டுக்குள்ள போனா விரிஞ்சு 64 ஆகிடும். 8கேன்னா 256 எம்பி. ஒரு மெட்டீரியலுக்கு நாலு மேப் (நிறம், ரஃப்னெஸ்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டெக்ஸ்ச்சர்), பத்து மெட்டீரியல்னு பெருக்கிப் பாருங்க, 8 ஜிபி எங்க போச்சுன்னு தெரியும். இதனாலதான் ஆர்டிஎக்ஸ் 3060ல வந்த 12 ஜிபி மாடலைப் பழைய கார்டா இருந்தாலும் ரெண்டர் பண்றவங்க இன்னும் தேடி வாங்கறாங்க. செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா ஒரிஜினல் பில் கேளுங்க, கார்டுல இருக்கிற சீரியல் நம்பரும் பில்லுல இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க, கடையிலயே ஒரு கால் மணி நேரம் ரெண்டர் ஓட விட்டு சூடு எவ்ளோ ஏறுதுன்னு பாருங்க. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) செலவையும் சேர்த்து யோசிங்க, 3060க்கே 550 வாட் சப்ளை சொல்றாங்க, பழைய கேபினெட்ல இருக்கிற டப்பா சப்ளைல சொருகிட்டு அப்புறம் கார்டைத் திட்டக் கூடாது.

3. மாடல் நிஜ சைஸ்ல இருக்கா?

இதை யாரும் கண்டுக்கறதில்ல. டம்ளர் உயரம் சுமார் 10 சென்டிமீட்டர், அப்படின்னா பிளெண்டர்ல 0.1 மீட்டர். டீஃபால்ட் க்யூப் 2 மீட்டர், அதுலேருந்து செதுக்க ஆரம்பிச்சா உங்க டம்ளர் ஆளுயரத்துக்கு மேல நிக்கும். நின்னா என்னன்னா, வெளிச்சம் பொருளுக்குள்ள புகுந்து வர்ற எஃபெக்ட் எல்லாம் மீட்டர் கணக்குல நடக்குது, காபி நுரை, மெழுகு, தோல் எல்லாம் அளவு தப்பினா ஒண்ணு சோப்புக்கட்டி மாதிரி ஆகும் இல்ல சிமெண்ட் மாதிரி ஆகும். கேமராவோட ஃபோகஸ் மங்கலும் அப்படித்தான், சின்னப் பொருளைக் கிட்டக்கப் பார்க்கற உணர்வே வராது.

சைஸ் மாத்தினதும் கண்ட்ரோல் ஏ அமுக்கி ஸ்கேலை அப்ளை பண்ணிடுங்க. அடுத்து ஓவர்லேல ஃபேஸ் ஓரியன்டேஷன் ஆன் பண்ணுங்க, வெளிப்பக்கம் எங்கயாவது சிவப்பா தெரிஞ்சா அந்தப் பக்கம் உள்ள வெளியா திரும்பியிருக்கு, கண்ணாடி மெட்டீரியல் அங்க சொதப்பும். கடைசியா விளிம்பு. கத்தி மாதிரி கூரான விளிம்பு நிஜத்துல எதுலயும் கிடையாது, மேஜை ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பெவல் கொடுங்க, அந்தச் சின்ன வளைவுல வெளிச்சம் ஒரு கோடா பிடிக்கும், அதுதான் கண்ணை நம்ப வைக்கும்.

4. மெட்டீரியலைத் தொடாம லைட்டைப் போடுங்க

எல்லாத்துக்கும் ஒரே சாம்பல் மெட்டீரியல் போட்டு முதல்ல லைட்டிங் முடிங்க. சாம்பல்லயே படம் நல்லா இருந்தா கலர் வந்தா இன்னும் நல்லா இருக்கும், சாம்பல்ல சப்புன்னு இருந்தா எந்த டெக்ஸ்ச்சரும் காப்பாத்தாது.

ஆரம்பத்துக்கு எச்டிஆர்ஐ போதும், அதாவது ஒரு இடத்தோட வெளிச்சத்தைச் சுத்தி முழுக்கப் பதிவு பண்ணின படம். பாலி ஹேவன் தளத்துல எல்லாமே சிசி0, அதாவது காசும் வேணாம், பேர் போடணும்னும் இல்ல, வணிகத்துக்கும் ஓகே. வெளிச்சத்துக்கு மட்டும்னா 1கே இல்ல 2கே ஃபைல் தாராளம், பின்னணியா படத்துல தெரியணும்னாதான் 4கேக்கு மேல போங்க. எடுத்த எடுப்புல 16கே இறக்கி டேட்டாவையும் விராமையும் காலி பண்ண வேணாம். கூகுள்ல கிடைச்ச சாதாரண ஜேபெக்கை வேர்ல்ட்ல (சீனைச் சுத்தியிருக்கிற பின்னணில) மாட்டறதும் பலன் தராது, ஜேபெக்ல சூரியனும் வெள்ளைச் சுவரும் ஒரே 255தான், எச்டிஆர்ல சூரியன் சுவரை விட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமா பதிவாகியிருக்கும். நிழல் அழுத்தமா விழறது அந்த வித்தியாசத்தாலதான்.

ஏரியா லைட் போடும்போது ரெண்டு விஷயம் நினைவுல வைங்க. தூரம் இரட்டிச்சா பொருள் மேல விழற வெளிச்சம் கால்வாசியாகும். லைட் பொருளை விடப் பெருசா இருந்தா நிழல் மெத்துன்னு விழும், சின்னதா இருந்தா வெட்டின மாதிரி விழும். பிளெண்டர்ல போடற வாட்டும் கடைல வாங்கற பல்ப் வாட்டும் ஒண்ணு கிடையாது, இங்க வாட்னா வெளிய வர்ற ஒளியோட கணக்கு, கரண்ட் கணக்கு இல்ல. அதனால நம்பரைப் பார்க்காதீங்க, படத்தைப் பாருங்க. மொத்தமா இருட்டா இருந்தா ஒவ்வொரு லைட்டா ஏத்திக்கிட்டு இருக்காம எக்ஸ்போஷரை ஏத்துங்க.

கலர் மேனேஜ்மென்ட்ல வியூ டிரான்ஸ்ஃபார்ம்னு ஒண்ணு இருக்கும், 4.0லேருந்து டீஃபால்ட் ஏஜிஎக்ஸ். பிரகாசமான இடம் வெந்து போகாம அது பார்த்துக்கும், அப்படியே விட்டுடுங்க. ஒரு சிக்கல் மட்டும் இருக்கு, கம்பெனி லோகோ மாதிரி துல்லியமான கலர் வேணும்னா ஏஜிஎக்ஸ் அதைக் கொஞ்சம் மாத்திடும். கிளையன்ட் சிவப்பு நம்ம சிவப்பு இல்லயேன்னு ஃபோன் பண்ணுவார். லோகோவைப் பின்னாடி எடிட்டிங்ல ஒட்டறது நல்லது.

5. மெட்டீரியல்: நிதானமா போக வேண்டிய இடம்

பிரின்சிபிள்டு பிஎஸ்டிஎஃப்னு ஒரே நோடு (மெட்டீரியலை அமைக்கிற பெட்டி) போதும். அதுல கண்டமேனிக்கு ஸ்லைடர் இருக்கும், 90 சதவீத வேலை மூணுலதான்.

மெட்டாலிக். இதை ஸ்விட்ச்சுன்னு நினைச்சுக்கோங்க. உலோகம்னா 1, இல்லன்னா 0. கொஞ்சம் உலோகம் மாதிரி இருக்கட்டும்னு 0.4 வைக்கிறது நிஜத்துல இல்லாத பொருள். துரு ஏறற எல்லை, பெயிண்ட் உரியற ஓரம் இந்த மாதிரி மாறற இடத்துல மேப்ல நடு மதிப்பு வந்தா சரி.

பேஸ் கலர். உலோகம் இல்லாத பொருளுக்கு இது பொருளோட சொந்த நிறம், இதுல நிழலோ பளபளப்போ கலந்திருக்கக் கூடாது. சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை ரெண்டும் வேணாம். கரியே விழற வெளிச்சத்துல 4 சதவீதம் போல திருப்பி அனுப்பும், புதுப் பனியே 80லேருந்து 90க்குள்ளதான். 0 முதல் 255 கணக்குல சொன்னா சுமாரா 50க்கும் 240க்கும் நடுவுல இருங்க. சுவருக்கு 255 வெள்ளை கொடுத்தா ரூம் முழுக்க வெளிச்சம் அடங்காம துள்ளிக்கிட்டே இருக்கும், நாய்ஸும் (படத்துல வர்ற புள்ளி) கூடும்.

உலோகத்துக்கு இதே பேஸ் கலர் அது பிரதிபலிக்கற நிறமா மாறிடும். லீனியர் கணக்குல, சிவப்பு, பச்சை, நீலம்ங்கிற வரிசைல தங்கம் 1.0, 0.77, 0.34. செம்பு 0.95, 0.64, 0.54. இரும்பு 0.56, 0.57, 0.58, எவர்சில்வருக்கு இதுக்குப் பக்கத்துல வச்சு ஆரம்பிங்க. பல பேர் எவர்சில்வர்னா வெள்ளைன்னு நினைச்சு 0.95 வைக்கிறாங்க, அது வெள்ளிப் பாத்திரம்.

ஐஓஆர், அதாவது ஒளிவிலகல் எண். மரம், பிளாஸ்டிக், பெயிண்ட் எல்லாத்துக்கும் 1.5 போதும், நேரா பார்க்கும்போது 4 சதவீதம் பிரதிபலிக்கும், தொடாதீங்க. தண்ணி 1.33, வைரம் 2.42.

ரஃப்னெஸ், அதாவது சொரசொரப்பு, 0ன்னா கண்ணாடி வழவழப்பு, 1ன்னா முழு மங்கல். படம் நிஜமா தெரியறதும் பொம்மையா தெரியறதும் இங்கதான் முடிவாகுது. டம்ளரையே எடுத்துக்கோங்க. ரஃப்னெஸ் 0.2ன்னு ஒரே நம்பர் போட்டு விட்டா கடை விளம்பரத்துல வர்ற டம்ளர் வரும், வீட்டு டம்ளர் வராது. சமையலறைல போய் ஒண்ணைக் கைல எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல மெதுவா திருப்பிப் பாருங்க. மடிச்சு விட்ட வாய்ப்பகுதி உதடு பட்டுப் பட்டு வழவழன்னு இருக்கும், நடுப்பகுதில தேங்காய் நார் தேய்ச்ச கீறல் வட்டம் வட்டமா ஓடும், அடிப்பக்கம் மேடைல உரசி மங்கியிருக்கும், எண்ணெய்க் கை பிடிச்ச இடத்துல ரேகை மட்டும் தனியா தெரியும். நிறம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், மாறறது ரஃப்னெஸ் மட்டும். வாய்க்கு 0.1, உடம்புக்கு 0.25லேருந்து 0.35, அடிக்கு 0.5னு ஆரம்பிச்சு மேல ஒரு கீறல் மேப்பை லேசா கலந்து விடுங்க. கடைசல் பிடிச்ச கோடு வட்டமா ஓடறதால பளபளப்பு புள்ளியா இல்லாம மேலேருந்து கீழ ஒரு பட்டையா நீளும், அதுக்கு அனைசோட்ரோபிக் ஸ்லைடரை 0.5 பக்கம் கொண்டு போய், டேன்ஜென்ட் நோடுல ரேடியல்னு வச்சு டம்ளர் நிக்கிற அச்சைக் கொடுங்க.

இவ்ளோ பண்ணியும் டம்ளர் சாம்பல் பிளாஸ்டிக் மாதிரி தெரிஞ்சா மெட்டீரியலை நோண்டாதீங்க, சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க. உலோகத்துக்குச் சொந்த முகம் கிடையாது, எதிர்ல இருக்கிறதைத்தான் காட்டும், எதிர்ல வெறும் சாம்பல் வேர்ல்ட் இருந்தா சாம்பலைத்தான் காட்டும். கேமராவுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் மாதிரி நீளமான ஏரியா லைட், பக்கத்துல ஒரு கறுப்பு அட்டை வைங்க. புராடக்ட் ஃபோட்டோ எடுக்கறவங்க ஸ்டுடியோல பண்றதும் இதேதான்.

காபிக்குப் பால் கலந்ததால கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவற டிரான்ஸ்மிஷன் வேணாம், பழுப்புக் கலர், குறைஞ்ச ரஃப்னெஸ், கொஞ்சம் சப்சர்ஃபேஸ் (வெளிச்சம் உள்ள புகுந்து வர்ற அந்த எஃபெக்ட்) போதும். நுரைக்கு சப்சர்ஃபேஸைக் கூட்டுங்க. திரவத்தோட ஓரம் டம்ளர் சுவரைத் தொடாம மயிரிழை இடைவெளி இருந்தாலும் காபி மிதக்கிற மாதிரி தெரியும், சுவருக்குள்ள லேசா நுழைச்சு விடுங்க.

6. டெக்ஸ்ச்சர் மாட்டும்போது ஏமாறற இடங்கள்

மர மேஜைக்கு பாலி ஹேவன்லயோ ஆம்பியன்ட்சிஜிலயோ ஒரு செட் இறக்கினா நாலஞ்சு ஃபைல் இருக்கும். கலர் மேப்புக்கு மட்டும் கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி, மத்த ரஃப்னெஸ், மெட்டாலிக், நார்மல் எல்லாத்துக்கும் நான்-கலர். மாத்த மறந்தா எரர் வராது, படம் சத்தமில்லாம கெட்டுப் போகும். மேப்ல 0.5னு இருக்கிற ரஃப்னெஸை எஸ்ஆர்ஜிபின்னு நினைச்சுப் படிச்சா எஞ்சினுக்கு 0.21ஆ போய்ச் சேரும், உங்க பழைய மர மேஜை தண்ணி ஊத்தின மாதிரி மின்னும். என் மேஜை ஏன் ஈரமா இருக்குன்னு கேக்கற பத்துப் பேர்ல பாதிப் பேருக்குப் பதில் இதுதான்.

சின்ன மேடு பள்ளத்தைக் காட்டற நார்மல் மேப்ல ரெண்டு வகை, ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ். பச்சை சேனல் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா இருக்கும். பிளெண்டருக்கு ஓபன்ஜிஎல், அன்ரியலுக்கு டைரக்ட்எக்ஸ். மாத்தி மாட்டினா மேடு பள்ளமாவும் பள்ளம் மேடாவும் தெரியும். பிரின்சிபிள்டு நோடுக்கு நேரா இழுத்து விடாம நடுவுல நார்மல் மேப் நோடு வைக்கணும்.

பழைய செட்டுல ரஃப்னெஸுக்குப் பதிலா கிளாஸ்னு ஒரு மேப் வரும், அது அப்படியே எதிர்ப்பதம், இன்வர்ட் நோடு போட்டா சரியாகும். ஏஓ (ஆம்பியன்ட் அக்லூஷன், இடுக்கு நிழல்) மேப்பை சைக்கிள்ஸ்ல கலர் மேல பெருக்க வேணாம், இடுக்குல விழற நிழலை எஞ்சினே போடும், நீங்களும் போட்டா அழுக்கு ரெண்டு தடவை ஏறும். எங்கயாவது பொருள் பளீர்னு ரோஸ் கலர்ல தெரிஞ்சா டெக்ஸ்ச்சர் ஃபைல் காணாமப் போயிருக்கு, ஃபோல்டரை இடம் மாத்தியிருப்பீங்க.

7. நாய்ஸும் நேரமும்

சைக்கிள்ஸ் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளிக்கதிரைத் தோராயமா பல திசைல அனுப்பி சராசரி எடுக்குது. கதிர் பத்தலன்னா புள்ளி புள்ளியா நாய்ஸ். கசப்பான கணக்கு என்னன்னா, நாய்ஸைப் பாதியாக்க சாம்பிள் (பிக்சலுக்கு அனுப்பற கதிர் எண்ணிக்கை) நாலு மடங்கு வேணும், நேரமும் நாலு மடங்கு. அதனால சாம்பிளை ஏத்திக்கிட்டே போறது முட்டாள்தனமான செலவு. டீஃபால்ட்டா 4096னு இருக்கும், அது உச்ச வரம்புதான், நாய்ஸ் த்ரெஷோல்டு 0.01ஐ எட்டின இடத்துல முன்னாடியே நிறுத்திக்கும். டெஸ்ட்டுக்கு 64 சாம்பிள், மிச்சப் புள்ளியைத் துடைக்கிற டீநாய்ஸ் ஆன். ஃபைனல் ஸ்டில் இமேஜுக்கு 256லேருந்து 512, கூட ஓபன் இமேஜ் டீநாய்ஸ். டீநாய்ஸரை முழுசா நம்பி 16 சாம்பிள்ல ஃபைனல் எடுத்தா நீங்க பாடுபட்டு வச்ச அந்த நார்க் கீறல் எல்லாம் மெழுகி விட்ட மாதிரி அழிஞ்சிடும். அனிமேஷன்ல இன்னும் மோசம், ஃபிரேமுக்கு ஃபிரேம் கறை நெளியும்.

திடீர்னு வெள்ளைப் புள்ளி தெறிச்சா அது ஃபயர்ஃப்ளை. சின்ன லைட் ரொம்பப் பிரகாசமா இருக்கிறது, அது வழவழ உலோகத்துல பட்டு மேஜைல தெறிக்கிறது, இந்த ரெண்டும்தான் பொதுவான காரணம். லைட்டைப் பெருசாக்குங்க, காஸ்டிக்ஸை (உலோகம், கண்ணாடில பட்டுத் தெறிச்சு விழற ஒளி) ஆஃப் பண்ணுங்க, தெறிச்சு வர்ற ஒளிக்கு வரம்பு வைக்கிற இன்டைரக்ட் கிளாம்ப்பை 10லேருந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. கண்ணாடி டம்ளர் நாலஞ்சு அடுக்கி வச்சு நடுவுல கறுப்பா தெரிஞ்சா டிரான்ஸ்மிஷன் பவுன்ஸ் (கதிர் எத்தனை தடவை ஊடுருவலாம்ங்கிற வரம்பு) பத்தல.

நேரம் மிச்சம் பிடிக்க: ரெசல்யூஷனை 50 சதவீதமாக்கினா பிக்சல் கால்வாசி, நேரமும் ஏறக்குறைய கால்வாசி. கண்ட்ரோல் பி அமுக்கி டம்ளர் வாய்ப் பகுதியை மட்டும் பெட்டி போட்டு அதை மட்டும் ரெண்டர் பண்ணிப் பாருங்க.

அனிமேஷன் ஒத்துக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல கணக்குப் போடுங்க. 10 செகண்ட், 24 ஃபிரேம், மொத்தம் 240. ஃபிரேமுக்கு 3 நிமிஷம்னா 720 நிமிஷம், 12 மணி நேரம். மெஷின் 400 வாட் இழுத்தா 4.8 யூனிட் கரண்ட். கிளையன்ட் ஒரு திருத்தம் சொன்னா இன்னொரு 12 மணி நேரம். விலை பேசும்போது எத்தனை திருத்தம்னு எழுத்துல வாங்கிடுங்க, வாய்ப்பேச்சு உதவாது.

வீடியோ ஃபைலா நேரா ரெண்டர் பண்ணாதீங்க. பிஎன்ஜி இல்ல இஎக்ஸ்ஆர்னு ஃபிரேம் ஃபிரேமா எடுங்க. 200ஆவது ஃபிரேம்ல கரண்ட் போனா எம்பி4 மொத்தமா போயிடும், ஃபிரேமா எடுத்திருந்தா 199 பத்திரமா இருக்கும். அவுட்புட்ல ஓவர்ரைட்டை எடுத்து விட்டா இருக்கிற ஃபிரேமைத் தாண்டி விட்ட இடத்துலேருந்து தொடங்கும். பிளேஸ்ஹோல்டர்ஸ் ஆன்ல இருந்திருந்தா பாதில நின்ன ஃபிரேமுக்கு 0 பைட்ல ஒரு காலி ஃபைல் கிடக்கும், அதை அழிச்சுட்டு ஓட விடுங்க, இல்லாட்டி அதையும் முடிஞ்சதுன்னு நினைச்சுத் தாண்டிடும்.

மெஷின் தாங்கலன்னா ஷீப்இட்னு ஒரு இலவச ரெண்டர் ஃபார்ம் (பல மெஷின் சேர்ந்து ரெண்டர் பண்ற இடம்) இருக்கு, மத்தவங்க ஃபிரேமை உங்க மெஷின்ல ஓட்டிக் கொடுத்தா பாயிண்ட் ஏறும், அதை வச்சு உங்களோடது சீக்கிரம் ஓடும். ஆனா ஃபைல் முகம் தெரியாத பல பேர் மெஷினுக்குப் போகும், ரகசியக் கையெழுத்து போட்ட கிளையன்ட் வேலையை அங்க அனுப்பாதீங்க. காசு கட்டற ஃபார்ம்னா 240ஐயும் ஒரேயடியா அனுப்பாம முதல், நடு, கடைசின்னு மூணு ஃபிரேம் மட்டும் அனுப்பி எவ்ளோ கழியுதுன்னு பார்த்து 80ஆல பெருக்கிக்கோங்க. அவங்க பிளெண்டர் வெர்ஷனும் உங்களோடதும் ஒண்ணான்னும் பாருங்க.

8. கொடுக்கறதுக்கு முன்னாடி

ஃபைல் மெனுல எக்ஸ்டர்னல் டேட்டா போய் பேக் ரிசோர்சஸ் பண்ணிடுங்க, டெக்ஸ்ச்சர் எல்லாம் பிளெண்ட் ஃபைலுக்குள்ளயே வந்துடும். ஃபைல் வீங்கும், பரவாயில்ல. மாஸ்டர் காப்பி 16 பிட் இஎக்ஸ்ஆர்ல வைங்க, பின்னாடி வெளிச்சத்தை ஏத்தி இறக்க இடம் இருக்கும், கிளையன்ட்டுக்கு பிஎன்ஜி போதும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு ஒவ்வொரு டெக்ஸ்ச்சர், மாடல், எச்டிஆர்ஐ எங்கேருந்து எந்தத் தேதில எந்த லைசென்ஸ்ல எடுத்தீங்கன்னு இறக்கற அன்னிக்கே எழுதிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்னா நடக்காது. சிசி0ன்னா கவலையில்ல. சிசி பைன்னா பேர் போடணும். நான்-கமர்ஷியல்னு இருந்தா காசு வாங்கற வேலைல தொடக் கூடாது, எடிட்டோரியல்னு இருந்தா விளம்பரத்துக்கு ஆகாது. ஸ்கெட்ச்ஃபேப் மாதிரி தளத்துல ஒவ்வொரு மாடலுக்கும் லைசென்ஸ் வேற வேற, டவுன்லோட் பட்டனை அமுக்கறப்பவே அந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டர்ல போட்டுடுங்க, ஏன்னா போட்டவங்க நாளைக்கே அந்த மாடலை எடுத்துடலாம், இல்ல லைசென்ஸை மாத்திடலாம், நீங்க இறக்கின அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு காட்ட உங்க கைல வேற எதுவும் இருக்காது.